கஞ்சா அனுமதிப்பத்திரத்துக்கு முன் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கையைப் பற்றிக் கொஞ்சக் காலமாகப் பத்திரிகைகளில் நடக்கும் விவாதம் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது: இது நாட்டுக்கு நல்லதா, எவ்வளவு டொலர் வரும். அந்தப் பணத்தை எந்த வங்கி ஏற்கும், அதற்குரிய வரியை எந்த வழியால் கட்டுவது என்று கேட்பாரைக் காணவில்லை. அமெரிக்காவில் மாநில அனுமதிப்பத்திரம் பெற்று நேர்மையாகக் கடை நடத்துகிறவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேலாக முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். கொழும்பில் இருந்தபடி அமெரிக்கக் கம்பனிகளுக்குக் கணக்கெழுதும் அலுவலகங்கள் பல உள்ளன. அவற்றில் வேலைபார்க்கும் எங்களுக்கு அந்தக் கடைகளின் கணக்கேடுகள் பழக்கமானவை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளம் கணக்காளர்களுக்கும் இங்கே சட்டம் வரைகிறவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம்.

பிரச்சினையின் வேர் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க சமஷ்டி அரசு அந்தச் சட்டத்தில் கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதலாம் அட்டவணையில் போட்டது. கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் 2012இல் சம்மதித்து 2014இல் கடைகள் திறந்தபோதும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஆனால் சட்டவிரோத வருமானமும் வருமானமே என்பது அந்நாட்டு வரிச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. ஆகவே வியாபாரத்தைக் குற்றம் என்று சொல்லும் அதே அரசு அதற்கு வரியும் கேட்கிறது, அதுவும் மற்றவர்களிடம் கேட்பதைவிடக் கூடுதலாக. 1981இல் மினியாபொலிஸ் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரி ஒருவர் தராசு, தொலைபேசி, கார், வீட்டு வாடகையில் ஒரு பங்கு ஆகியவற்றைத் தொழிற்செலவாகக் கழித்தார். வரி நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்குப் பதிலடியாகக் காங்கிரஸ் 1982இல் வரிச் சட்டத்தில் 280ஈ பிரிவைக் கொண்டுவந்தது. முதலாம், இரண்டாம் அட்டவணைப் பொருட்களை விற்கும் தொழிலுக்குச் செலவுக் கழிவு கிடையாது, வரிச் சலுகையும் கிடையாது என்பதே அதன் சாரம். கடத்தல்காரரை நினைத்து எழுதிய அந்தப் பிரிவு, முப்பது ஆண்டு கழித்து அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டிக் கடை நடத்துகிறவரின் தலையில் விழுந்தது.

கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் இதன் பாரம் விளங்கும். ஆண்டு விற்பனை 1,000,000 டொலர், விற்பனைக் கிரயம் (விற்ற பொருளை வாங்க அல்லது உற்பத்தி செய்ய ஆன செலவு) 500,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த இலாபம் 500,000. வாடகை, சம்பளம், காவல், மின்சாரம், காப்புறுதி எல்லாம் சேர்ந்து 400,000. உண்மையில் மிஞ்சுவது 100,000. இதே கணக்கு ஒரு புத்தகக் கடையினுடையது என்றால் 21% கம்பனி வரி, 21,000 டொலரோடு விடயம் முடிந்துவிடும். கஞ்சாக் கடைக்கு அந்த 400,000 கழியாது. 500,000க்கு 21% ஆக 105,000 கட்ட வேண்டும். மிஞ்சியதை முழுக்கக் கொடுத்தாலும் 5,000 போதாது. நட்டத்தில் ஓடும் கடைக்கும் வரி வருவது இதனால்தான். பங்குடைமையாகவோ தனியாள் பெயரிலோ நடத்தினால், கைக்கு வராத இலாபம் உரிமையாளரின் சொந்த வருமானமாக ஏறி மேல் படியில் 37% வரை போகும்.

கழிக்கக் கிடைப்பது விற்பனைக் கிரயம் ஒன்றுதான். அது செலவுக் கழிவு அல்ல, மொத்த வருமானத்தைக் கண்டறியும் கணக்கின் ஒரு பகுதி என்பதால் 280ஈ அதைத் தொடுவதில்லை. எனவே எதைக் கிரயத்தில் ஏற்றலாம் என்பதே முழுக் கணக்கையும் தீர்மானிக்கிறது. சில்லறைக் கடைக்கு விதி இறுக்கமானது: விலைப்பட்டியலில் உள்ள கொள்விலை, அதில் வியாபாரக் கழிவு நீக்கி, பொருளைக் கடைக்குக் கொண்டுவரும் ஏற்றுக்கூலி முதலியவை சேர்த்து. அவ்வளவுதான். விற்பனை மேசையில் நிற்பவரின் சம்பளமோ கடை வாடகையோ விளம்பரமோ சேராது. வளர்ப்பவருக்கு இடம் கூட. நாற்று, பசளை, செடி பார்ப்போரின் கூலி, வளர்ப்பறையின் மின்சாரம், அந்த அறைக்குரிய வாடகைப் பங்கு, விளக்குகளினதும் காற்றுச் சீராக்கிகளினதும் பெறுமானத் தேய்வு, உலர்த்தல் எல்லாம் உற்பத்திக் கிரயத்தில் ஏறும். வளர்ப்பும் விற்பனையும் ஒரே கட்டடத்தில் நடந்தால் எத்தனை சதுர அடி எதற்கு, எந்த ஊழியர் எத்தனை மணித்தியாலம் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அன்றன்றைக்கே பதிய வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து 60க்கு 40 என்று ஊகத்தில் பிரித்த கணக்கு, கணக்காய்வாளர் ஆதாரம் கேட்ட நிமிடத்திலேயே விழுந்துவிடும்.

இந்த எல்லையைத் தாண்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஓக்லண்டின் பெயர்பெற்ற கடையான ஹாபர்சைட், மறைமுகச் செலவுகளையும் இருப்பின் கிரயத்தில் சேர்க்க முயன்று 2018இல் வரி நீதிமன்றத்தில் தோற்றது. 2021இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில் என்று பிரிப்பதும் எல்லோருக்கும் பலிக்காது. நோயாளர் பராமரிப்பை உண்மையாகவே தனித் தொழிலாக நடத்திய ஓர் அமைப்புக்கு 2007இல் அது கிடைத்தது. கஞ்சா மட்டும் விற்று மற்றச் சேவைகளை இலவசமாகக் கொடுத்த சான் பிரான்சிஸ்கோ கடைக்கு 2012இல் மறுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தில் சிறு வியாபாரங்களுக்குக் கிடைத்த இருப்புக் கணக்குச் சலுகையைக் காட்டி, எல்லாச் செலவையும் கிரயமாக்கலாம் என்று சொல்லும் ஆலோசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் வெளிவந்த ஒழுங்குவிதிகள் அந்த வாசலை அடைக்கின்றன. அப்படி ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், கையொப்பமிடும் அமெரிக்கக் கணக்காளரிடம் எழுத்தில் உறுதி வாங்காமல் அந்தப் பதிவைப் போடாதீர்கள்.

இனி வங்கி. அமெரிக்கத் திறைசேரியின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு 2014 பெப்ரவரி 14இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. கஞ்சாக் கடைக்குக் கணக்குத் திறக்கலாம், ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிச் சந்தேக அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. கடை மாநில விதிப்படி நடந்தால் ஒரு வகை அறிக்கை, மீறல் தெரிந்தால் இன்னொரு வகை, கணக்கை மூடினால் மூன்றாவது வகை. வாடிக்கையாளர் ஒரு தவறும் செய்யாதபோதும் அறிக்கை எழுதிக்கொண்டிருக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கப் பெரிய வங்கிகள் விரும்புவதில்லை. முன்வருபவை சிறிய வங்கிகளும் கடன் சங்கங்களும்தான், அவையும் அந்த வேலைக்கான கட்டணத்தை மாதாமாதம் கடையிடமே அறவிடுகின்றன. இதைச் சீர்செய்யும் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் பலமுறை நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

அட்டை வலையமைப்புகளும் கதவைச் சாத்தியே வைத்திருக்கின்றன. அதனால் சில கடைகள் விற்பனை மேசையில் ஓர் இயந்திரத்தை வைத்து, பொருள் வாங்கியதை ஏ.டீ.எம்.மில் பணம் எடுத்ததுபோலப் பதிந்தன. 47 டொலருக்குப் பொருள் எடுத்தவரின் அட்டையில் 60 டொலர் பற்று விழும், மீதி 13 டொலர் காசாகக் கைக்கு வரும். வங்கிக்கு வருவது 60, விற்பனைப் பதிவு 47, காசுப்பெட்டியில் 13 குறைவு. நாளுக்கு இருநூறு பேர் இப்படி வாங்கினால் மூன்று எண்களையும் பொருத்தி முடிப்பதே ஒருவரின் முழுநேர வேலை. அதைவிட, பரிவர்த்தனையின் தன்மையைப் பொய்யாகக் காட்டியதாக அது கருதப்படும். 2021 டிசம்பரில் வீசா இதைக் கண்டித்து அறிவித்தல் விட்டது. 2023இல் மாஸ்டர்காட் தன் பற்று அட்டைகளில் கஞ்சாக் கொடுப்பனவுகளை நிறுத்தச் சொன்னது. இந்த இயந்திரம் இன்னும் நிற்கும் கடையின் கணக்கை ஏற்பவர் முதலில் அதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

வங்கிக் கணக்கே இல்லாத கடை சமஷ்டி வரியைக் காசாகக் கட்டும் முறை இது. கம்பனிகளின் தவணைகள் ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் மாதங்களின் 15ஆம் திகதிகளில் விழும். மேலே சொன்ன 105,000 டொலரை நான்காகப் பிரித்தால் தவணைக்கு 26,250. வரித் திணைக்களத்தின் பொதுமக்கள் உதவி நிலையத்துக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே நேரம் குறித்துவிட்டுத்தான் காசைக் கொண்டுபோக வேண்டும். எல்லா நிலையமும் காசு வாங்காது என்பதால் தவணைக்குப் பல வாரங்களுக்கு முன்பே பேசி உறுதிசெய்வது அவசியம். கடைசி வாரத்தில் நேரம் கிடைக்காமல் தவணை தவறுவதே இங்கு அடிக்கடி நடக்கும் பிழை. 20 டொலர்த் தாள்களாகக் கொண்டுபோனால் 1,300க்கு மேற்பட்ட தாள்கள். ஒரு தாள் ஏறக்குறைய ஒரு கிராம். நூறு நூறாகக் கட்டி, ஒரே முகமாக அடுக்கி, எண்ணியவர் இருவரின் கையொப்பத்தோடு போக வேண்டும். கொடுத்ததும் 809ஆம் இலக்கப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அந்த இடத்திலேயே மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வரிசெலுத்துநர் இலக்கம், படிவ இலக்கம், வரிக் காலப்பகுதி. கம்பனி வருமான வரிக்குக் கொடுத்த காசு சம்பள வரிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டால், ஒரு பக்கம் மீதி கிடக்க மறுபக்கம் தண்டப்பணம் ஏறும். பற்றுச்சீட்டுச் சரியாக இருந்தால் ஒரு கடிதத்தில் தீரும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும்.

சில்லறைக் கடைகளில் காசாக வரி கட்டும் வழியும் இருக்கிறது, ஆனால் ஒரு கொடுப்பனவுக்கு 500 டொலர்தான் உச்சம். 26,250 டொலரை அப்படிக் கட்ட 53 முறை போக வேண்டும். அது கடைக்கு ஒத்துவராது. தபாலகக் காசுக்கட்டளை ஒன்றின் உச்சம் 1,000 டொலர். ஒரே நாளில் 3,000 டொலருக்கோ அதற்கு மேலோ வாங்கினால் அடையாள அட்டை காட்டிப் படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் படிவத்தைத் தவிர்க்க நினைத்து நாளுக்கு 2,900 வீதம் பல தபாலகங்களில் வாங்குவது மிகப் பெரிய பிழை. பணம் நேர்மையான பணமாகவும் வரிக்கே போவதாகவும் இருந்தாலும், அறிக்கையைத் தவிர்க்கத் தொகையைத் துண்டாக்குவது தனிக் குற்றம். படிவத்தை நிரப்புவதால் ஒரு கெடுதியும் இல்லை, நிரப்பாமல் விடுவதால்தான் கெடுதி வரும்.

மொத்த வியாபாரிக்கும் வளர்ப்பவருக்கும் 8300ஆம் இலக்கப் படிவம் உண்டு. ஒரே கொடுக்கல்வாங்கலிலோ, ஒன்றோடொன்று தொடர்புபட்டவற்றிலோ 10,000 டொலருக்கு மேல் காசு வாங்கினால் அதை 15 நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். தவணைகளாக வாங்கினாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டினால் கடமை வந்துவிடும். பலர் தவறுவது இந்தத் தவணைக் கூட்டலில்தான். காசு தந்தவரின் பெயர், முகவரி, வரி இலக்கம் மூன்றையும் பணம் கைமாறும்போதே எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜனவரி 31க்குள் அவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பிரதியை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி இன்னும் இக்கட்டானது, ஏனெனில் அதை மின்னணு முறையில்தான் வைப்பிட வேண்டும் என்பது விதி. ஐந்து நாள் வரை பிந்தினால் 2%, பதினைந்து நாள் வரை 5%, அதற்கு மேல் 10% தண்டம். நேரத்துக்குக் கட்டினாலும் காசாகக் கட்டினால் முறை பிழை என்று அதே 10%. டென்வர் நகரத்துக் கடை ஒன்று, வங்கியே கணக்குத் தராதபோது எப்படி மின்னணுவில் கட்டுவது என்று இதை வரி நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2015இல் திணைக்களம் இறங்கிவந்து தண்டத்தை விட்டுக்கொடுத்தது. கணக்குத் திறக்க எடுத்த முயற்சிக்கு ஆதாரம் இருந்தால் விலக்குக் கேட்கலாம் என்ற வழி அதன்பின் பிறந்தது. ஆதாரம் என்பது வங்கிகளுக்கு எழுதிய விண்ணப்பங்களும் அவை மறுத்து அனுப்பிய கடிதங்களும். வாய்மொழியாக மறுத்தால் அன்றைக்கே திகதி, கிளை, பேசிய அலுவலரின் பதவி ஆகியவற்றைக் குறித்து மின்னஞ்சலில் உறுதி கேட்டுவையுங்கள். சம்பளக் கணக்கு நிறுவனம் ஒன்று தன் வங்கிக் கணக்கினூடாகக் கட்டிக்கொடுக்க முன்வந்தால் அதுவே நல்ல வழி, ஆனால் கட்டிய உறுதிச்சீட்டு உங்கள் கோப்புக்கு வந்தாக வேண்டும். நிறுவனம் கட்டாமல் விட்டாலும் பொறுப்பு கடைக்காரருடையதுதான்.

இத்தனைக்கும் அடித்தளம் அன்றாடக் கணக்கு முடிப்பு. ஒவ்வோர் இரவும் காசுப்பெட்டியை இருவர் தனித்தனியாக எண்ணி, விற்பனை இயந்திரத்தின் தொகையோடும், விதை முதல் விற்பனை வரை பொதியைத் தொடரும் மாநில மென்பொருளின் நிறைக் கணக்கோடும் ஒப்பிட வேண்டும். காசு சரியாக இருந்து கிராம் குறைந்தாலும் அது வரிப் பிரச்சினைதான், விற்றுவிட்டு மறைத்ததாகவே பார்க்கப்படும். பிறகு வரிப்பங்கை அன்றைக்கே வேறு பெட்டகத்தில் வைக்க வேண்டும். மாநில வரி முதலாவது. வாஷிங்டனில் 37%, ஒரிகனில் 17% என்று வாடிக்கையாளரிடம் வாங்கியது கடையின் பணமே அல்ல. அடுத்தது 280ஈ பங்கு. விற்பனைக்குப் பாதி கிரயம் என்றால் வரி நீங்கிய ஒவ்வொரு 100 டொலர் விற்பனைக்கும் 10.50 டொலர். இதைப் பிரித்து வைக்காத கடை மூன்று மாதமும் செழிப்பாகத் தெரியும், தவணைத் திகதியில் கையை விரிக்கும்.

கஞ்சாவை, 280ஈ தொடாத மூன்றாம் அட்டவணைக்கு இறக்க 2024 மே மாதத்தில் முன்மொழிவு வந்ததும், பழைய ஆண்டுகளின் வரியைத் திருப்பித் தாருங்கள் என்று பலர் திருத்தக் கணக்குகளை அனுப்பத் தொடங்கினார்கள். அவை செல்லாது என்று வரித் திணைக்களம் அதே ஆண்டு ஜூனில் அறிவித்தது. அட்டவணை மாறினால் 280ஈ அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்த பின்னரான காலத்துக்குத்தான் விலகும், பழைய பாக்கி பாக்கியாகவே நிற்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கை வைத்திருப்பதே பாதுகாப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கஞ்சாவை ஆள்வது 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். சுதேச வைத்தியத்துக்கு 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தினூடாக ஒரு குறுகிய வாசல் இருக்கிறது. 2025இல் முதலீட்டுச் சபையின் கீழ் மீரிகமவில் ஏற்றுமதிக்கு மட்டும் வளர்க்க முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்ற செய்தி வந்தது. வரிக் கண்ணால் பார்த்தால் கேள்விகள் வரிசைகட்டுகின்றன. நம் வருமான வரியில் பொதுவான கம்பனி வீதம் 30%. மதுபானம், புகையிலை, பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கு 2025 ஏப்ரல் முதல் 45%. கஞ்சாச் சாறு எடுக்கும் ஆலை மருந்து உற்பத்தியா, புகையிலையின் உறவா? இதை வரி அலுவலர் ஒருவரின் தீர்மானத்துக்கு விடக்கூடாது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. போதைப்பொருட்கள் பற்றிய 1961ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தின்படி, கஞ்சா வளர்க்க அனுமதிக்கும் நாடு அதற்கென ஓர் அரச நிறுவனத்தை வைத்திருக்க வேண்டும். விளைச்சலை அந்த நிறுவனம் அறுவடை முடிந்து நான்கு மாதத்துக்குள் வாங்கிப் பொறுப்பெடுக்க வேண்டும். அப்படியானால் வளர்ப்பவர் செய்வது ஏற்றுமதியா, அரசுக்கு உள்நாட்டு விற்பனையா? ஏற்றுமதி என்றால் பெறுமதி சேர் வரி பூச்சிய வீதம். உள்நாட்டு விற்பனை என்றால் 18%. ஏற்றுமதியாளருக்கு இருந்த எளிதாக்கிய வற் (பெறுமதி சேர் வரி) முறைமை 2025 ஒக்டோபர் 1 முதல் இல்லாமல் போய்விட்டதால், வாங்கும் பொருட்களுக்கான உள்ளீட்டு வரியை முதலில் கட்டிப் பின்னர் மீளப்பெற வேண்டும். மீளளிப்பு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வங்கி தயங்கினால் ஏற்றுமதியாளரின் பணம் திறைசேரியில் முடங்கும்.

வங்கி தயங்க நியாயமான காரணமும் உண்டு. டொலரில் விலைப்பட்டியல் போட்டால், வாங்குபவர் ஜெர்மனியில் இருந்தாலும் அந்தப் பணம் பெரும்பாலும் நியூயோர்க்கின் தொடர்பு வங்கி ஒன்றினூடாகவே கொழும்புக்கு வரும். அமெரிக்க வங்கிகளின் கூச்சம் அப்படியே நம் கோட்டை, யூனியன் பிளேஸ் கிளைகளுக்கும் இறங்கும். ஒப்பந்தத்தை யூரோவில் எழுதுவதும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஏற்றுமதி அத்தாட்சியின் பிரதியை முன்கூட்டியே வங்கிக்குக் கொடுத்துவைப்பதும் இந்தச் சிக்கலைக் குறைக்கும். உள்நாட்டில் 10 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ காசாக நடக்கும் கொடுக்கல்வாங்கலை வங்கி, 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். பண்ணைக் கூலியைக் காசாகக் கொடுக்க ஆரம்பித்தால் அந்த அறிக்கைகள் குவியும். ஊழியர் சேமலாப நிதிக்கான 8%, 12% பங்களிப்புகளும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3%ம் ஒழுங்காகப் போகாது. பாதிக்கப்படுவது தொழிலாளர்தான்.

ஆகவே மத்திய வங்கியும் உள்நாட்டு இறைவரித் திணைக்களமும் முதலீட்டுச் சபையும் ஒரே சுற்றறிக்கையில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், நான்கு விடயங்களை எழுதித்தர வேண்டும் என்று கேட்கிறோம்: அனுமதி பெற்றவருக்கு எந்த வங்கிகள் என்ன ஆவணங்களோடு கணக்குத் திறக்கும், வருமான வரி வீதம் எது, விளைச்சல் அரச நிறுவனத்துக்குக் கைமாறும்போது பெறுமதி சேர் வரி எப்படி, ஒரு வங்கி இடையில் கணக்கை மூடினால் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15ஆம் திகதிகளின் வருமான வரித் தவணையை எந்தக் கருமபீடத்தில், எந்தப் பற்றுச்சீட்டோடு கட்டுவது. இந்த நான்காவதுக்கு அமெரிக்கா பதில் சொல்லத் தொடங்கியது, ஒரு கடை நீதிமன்றம் போன பிறகுதான்.

இப்படிக்கு,
வெளிநாட்டு வரிக் கணக்குத் துறையில் பணிபுரியும் கணக்காளர்கள்,
கொழும்பு 06.